அசிஸ்ட் இணையத்தளம்: கல்லடியிலிருந்து ஒரு மதிப்புரை

முதலில் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நாலரை. அரைப் புள்ளியை ஏன் வெட்டினேன் என்பது பிறகு.

அசிஸ்ட் என்பது கலிபோர்னியா மாநிலத்து இணையத்தளம். அங்குள்ள கம்யூனிட்டி கொலேஜ் ஒன்றில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தருகிற உள்ளூர் அரசக் கல்லூரியில், ஒரு பாடத்தைப் படித்தால், அதே மாநிலத்து அரச பல்கலைக்கழகம் ஒன்று அதை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கும் என்று வரிக்கு வரி காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. காசு கட்டத் தேவையில்லை, பெயர் பதியத் தேவையில்லை, மட்டக்களப்பில் இருந்தும் திறக்கும். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமைகளில் மதில் மதிலாக 'வெளிநாட்டுக் கெம்பஸ்' நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் யாரும் இதன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அவர்களுக்கு என்ன வருமானம்?

நான் பிரதேச செயலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். அந்தக் காலத்துப் பெயர் எழுதுவினைஞர். சுற்றுநிருபம் வாசித்து வாசித்தே தலை நரைத்தவன். அதனால் ஒரு ஆவணத்தை எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: இதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு மேசையில் போய்க் கேட்டால் ஒரே பதில் வருமா? நம்முடைய சுற்றுநிருபங்களில் பாதி இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். அசிஸ்ட் தோற்கவில்லை.

கதை அக்காவின் மகனுடையது. 2018இல் தாய் தகப்பனோடு கலிபோர்னியா போனான். அத்தானின் தமக்கை ஸ்பொன்சர் செய்து, கோப்பு பல வருடம் கிடந்து, இவனுக்குப் பதினைந்து வயதான பிறகுதான் விசா வந்தது. இங்கே தமிழில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை அங்கே பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குள் இறக்கினார்கள். ஒருமாதிரி தேறி வருகிற நேரம் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டின. மறுகா எல்லாம் ஒன்லைன். லப்டொப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போர்வைக்குள் கிடந்தான் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. கமெராவை நிற்பாட்டி வைத்திருந்தது அவன் மட்டுமா என்பது அவனுடைய வாதம். எது எப்படியோ, 2021இல் பள்ளிக்கூடம் முடித்தபோது ஜிபிஏ, அதாவது சராசரிப் புள்ளி, நாலுக்கு 2.1. அல்ஜீப்ராவில் டி.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூசி, பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே வருகிற அந்த மாநிலத்துப் பிள்ளைகளிடம் ஆகக்குறைந்தது 3.0 கேட்கிறது. யூசிஎல்ஏ என்கிற லொஸ் ஏஞ்சலஸ் வளாகம், பேர்க்லி போன்றவற்றுக்கு 3.0 எல்லாம் வாசற்படிக்கும் காணாது. யூசிஎல்ஏயில் பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே விண்ணப்பிக்கிற பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அத்தான் கடைசியில், "பெற்றோல் ஷெட்டில என்னோட வந்து நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதா. "தம்பி, நீ படிச்சவன், விசாரிச்சுப் பார்."

விசாரித்தேன். நகரத்தில் ஒரு கல்வி ஆலோசனை நிலையம். குளிரூட்டிய அறை, சுவரில் கொடிகள், மேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் இனிப்பு. கட்டணத்தை வாங்கிக்கொண்டு பெறுபேற்றுத் தாளைப் பார்த்தவர், "இந்த மாக்ஸுக்கு அமெரிக்கா சரிவராது, வேற நாடு பாப்பம்" என்று மூன்று நாட்டுப் பிரசுரங்களை எடுத்து நீட்டினார். பிள்ளை ஏற்கனவே அமெரிக்காவில்தான் இருக்கிறான், வதிவிட உரிமையோடு இருக்கிறான் என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் பிரசுரங்களை மடித்து என் கையில்தான் தந்தார்.

கம்யூனிட்டி கொலேஜைப் பற்றி முதலில் சொன்னவன் மருமகனே. அவனுக்கு அது வெட்கம். கூடப் படித்தவர்கள் கெம்பஸ் போக, இவன் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கொலேஜுக்குப் போக வேண்டும். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. விதிகளைத் தேடி வாசித்தபோது ஆச்சரியம்தான் வந்தது.

கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி கொலேஜ்கள் இருக்கின்றன. பதினெட்டு வயதானால் போதும், பெறுபேற்றைப் பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அந்த மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வதிந்தவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். யூனிட் என்பது பாடத்தின் அளவை எண்ணுகிற அலகு. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதையும் விலக்கிக்கொள்ளலாம். இவ்வளவும் 1960இல் அந்த மாநிலம் போட்ட உயர்கல்வி மாஸ்டர் பிளானில் இருந்து வருகிறது. கொலேஜில் முதல் இரண்டு வருடப் படிப்பை முடித்தவன் மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் போகலாம் என்பது அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. அறுபது செமஸ்டர் யூனிட்டுகளோடு அப்படி வருகிறவனைத் தெரிவு செய்யும்போது யூசி பார்ப்பது கொலேஜ் புள்ளிகளை. பள்ளிக்கூடத்து 2.1 அங்கே கணக்கில் வருவதில்லை. யூசிஎல்ஏக்கு இந்த வழியால் விண்ணப்பிக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் எடுபடுகிறார்கள்.

நம்முடைய முறையோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் விசேஷம் விளங்கும். ஏ.எல். மூன்று தரம் எழுதலாம். மறுகா இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளவை. மூன்றாம் தரமும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றால் அந்தக் கதவு பூட்டினதுதான். வேறு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். திறந்த பல்கலைக்கழகம் பதினெட்டு வயதானவர்களை அடிப்படைச் சான்றிதழ் கற்கை வழியாக எடுக்கிறது. கல்லோயாத் திட்டக் காலத்தில் தொடங்கிய அம்பாறை ஹார்டி போன்ற நிறுவகங்களில் எச்.என்.டி. என்கிற உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். என்.வி.க்யூ. என்கிற தொழிற்தகைமைப் படிகளில் ஏறி இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக் வரை போகலாம். ஆனால் எச்.என்.டி.யில் எத்தனை 'ஏ' எடுத்தாலும் பேராதனைப் பொறியியல் பீடத்து மூன்றாம் வருட வகுப்பில் போய் உட்கார முடியாது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கும் அப்படித்தான். எங்கட நாட்டில் இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், சந்திக்காது. அங்கே சந்திக்கின்றன. எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று காட்டுகிற தாள்தான் அசிஸ்ட்.

சரி, தளத்துக்குள் போவோம்.

முகப்பில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கல்வியாண்டைத் தெரிய வேண்டும், படிக்கிற கொலேஜைத் தெரிய வேண்டும், போக நினைக்கிற வளாகத்தைத் தெரிய வேண்டும், மறுகா துறை. நாங்கள் சிவில் இன்ஜினியரிங், யூசிஎல்ஏ என்று கொடுத்தோம். பக்கம் இரண்டு நிரலாக விரிந்தது. இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலது பக்கம் மருமகனின் கொலேஜில் அதற்கு ஈடான பாடம், பாட இலக்கத்தோடு, யூனிட் எண்ணிக்கையோடு. கணிதத்தில் யூசிஎல்ஏ 31ஏ, 31பி, 32ஏ, 32பி, 33ஏ, 33பி என்று ஆறு துண்டாகக் கேட்கிறது. அவர்களுக்கு வருடம் பத்துக் கிழமைக் குவாட்டர்களாக ஓடுகிறது, கொலேஜுக்கு செமஸ்டர். அதனால் இடது பக்கத்தில் 32ஏயும் 32பியும் சேர்ந்து நிற்க, வலது பக்கத்தில் கல்குலஸ் என்கிற நுண்கணிதத்தின் மூன்றாம் பாகம் ஒன்றே ஒன்று நிற்கும். இந்த ஒன்றை முடித்தால் அந்த இரண்டும் முடிந்த கணக்கு. 'மற்றும்', 'அல்லது' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் நின்று வாசிக்க வேண்டிய இடம் இது. 'மற்றும்' என்று இருக்கிற இடத்தில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போனால் அந்த வரி முழுக்க வெற்று வரிதான். சில இடத்தில் வலது பக்கத்தில் 'ஈடான பாடம் இல்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும். அதைப் பார்த்துக் கலங்கத் தேவையில்லை. கொலேஜின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் அந்தப் பாடம் வேறு எந்தக் கொலேஜில் இருக்கிறது என்பது தெரியும். கணினி நிரலாக்கத்துக்கு இவனுடைய கொலேஜில் ஈடு இல்லை. இன்னொரு கொலேஜில் ஒன்லைனில் எடுத்தான், அதுவும் செல்லும்.

இந்தத் தாள் எங்களை ஒரு இடத்தில் காப்பாற்றியது. அதை விபரமாகவே சொல்ல வேண்டும்.

2022 தொடக்கத்து செமஸ்டர். இங்கே இரவு, அங்கே காலை, வழமையான எங்கள் கதை நேரம். "மாமா, பிசிக்ஸும் எடுத்திட்டன்" என்றான். கொலேஜ் ஆலோசகர்தான் போட்டுக்கொடுத்தாராம். ஆலோசகரைச் சந்திக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம், வாசலில் அடுத்த பிள்ளை நிற்கும். "எந்த பிசிக்ஸ் மனே?" என்று கேட்டேன். "பிசிக்ஸ்தான் மாமா, பிசிக்ஸில என்ன எந்த?" நேர அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பாட இலக்கத்தை எடுத்து அசிஸ்ட் பக்கத்தில் தேடினால் காணவில்லை. இடது பக்கத்தில் யூசிஎல்ஏயின் பிசிக்ஸ் 1ஏ இருக்கிறது. அதற்கு நேரே வலது பக்கத்தில் இருப்பது வேறு இலக்கம், கல்குலஸோடு சேர்த்துப் படிப்பிக்கிற பௌதிகம். இவன் பதிந்தது கல்குலஸ் இல்லாத பௌதிகம், உயிரியல் பக்கம் போகிற பிள்ளைகள் எடுப்பது. இரண்டும் பெயரில் பௌதிகம், இரண்டிலும் நியூட்டன் இருக்கிறார், இரண்டுக்கும் யூனிட் கிடைக்கும். பொறியியலுக்கு ஒன்றுதான் செல்லும்.

திரையைப் படம் எடுத்து, இலக்கத்தைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினேன். அவன் அதைக் கொண்டுபோய்க் காட்ட, ஆலோசகர் பார்த்துவிட்டு, "ஓம், இது சரிதான்" என்று மாற்றிக்கொடுத்தாராம். தொடக்கக் கிழமைகளுக்குள் விலகியபடியால் ஏட்டில் தடயம் இல்லை. திகதி கடந்திருந்தால் இடையில் விலகியவன் என்பதற்கு 'டபிள்யூ' என்று ஒரு எழுத்து விழுந்திருக்கும். கடைசி வரைக்கும் படித்து முடித்திருந்தால் ஒரு செமஸ்டர் அப்படியே போயிருக்கும். ஆலோசகரில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அலுவலகத்திலும் வரிசை நீண்டால் இதுதான் நடக்கும். ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை கையில் தாள் இல்லாமல் அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்தால், ஆலோசகருக்கு அன்று எவ்வளவு நேரம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அவன் எதிர்காலம். தாளோடு போனால் கதை வேறு.

இனி வெட்டிய அரைப் புள்ளி.

எதை எதைப் படிக்க வேண்டும் என்று அசிஸ்ட் சொல்லும். எந்த ஒழுங்கில் என்று சொல்லாது. புதிதாக வருகிறவனை ஏமாற்றுகிற இடம் இதுதான். பட்டியலைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பாடம், இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. அல்ஜீப்ராவில் டி எடுத்தவன் நேரே கல்குலஸில் ஏற முடியுமா? முதலில் ப்ரீகல்குலஸ். அது முடிந்தால்தான் கல்குலஸ் ஒன்று, மறுகா இரண்டு, மறுகா மூன்று, மறுகா வகையீட்டுச் சமன்பாடுகளும் நேரியல் அட்சரகணிதமும். ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கிறது. செமஸ்டருக்கு ஒரு படி என்றால் கணிதம் மட்டுமே ஐந்து செமஸ்டர். பௌதிகத்துக்குக் கல்குலஸ் வேண்டும் என்பதால் அதுவும் அதற்குப் பின்னால்தான் இழுபடும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன் எதை முடித்திருக்க வேண்டும் என்பது கொலேஜின் கைநூலில் இருக்கிறது, அசிஸ்ட்டில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து சீ.ஆர். கொப்பி ஒன்றில் செமஸ்டர் செமஸ்டராகக் கோடு போட்டேன். 2021 இலையுதிர் காலத்தில் ப்ரீகல்குலஸ் என்று தொடங்கினால், 2024 வசந்த காலத்தில் கடைசிப் பாடம். மூன்று வருடம். இரண்டு வருடக் கொலேஜ் என்று சொல்லித்தானே சேர்த்தீர்கள் என்று அத்தான் கேட்டார். கொப்பியைக் கமெராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். தச்சு வேலை தெரிந்த மனிதர், வளை ஏற்றாமல் ஓடு போட முடியாது என்று அவராகவே சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அசிஸ்ட் சொல்லாத இன்னும் சில இருக்கின்றன. எவ்வளவு புள்ளி எடுத்தால் இடம் கிடைக்கும் என்று சொல்லாது. அந்தப் பாடம் இந்த செமஸ்டர் நடக்கிறதா, ஆசனம் இருக்கிறதா என்று சொல்லாது. ஸ்டான்ஃபோர்ட், யூஎஸ்சி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் அதில் இல்லை. அவர்கள் பள்ளிக்கூடப் பெறுபேற்றையும் கேட்பார்கள் என்பதால் இவனைப் போன்ற பிள்ளைக்கு அது பெரிய இழப்பு இல்லை. பக்கத்தின் தலைப்பில் இருக்கும் நீண்ட குறிப்பைப் பலர் தாண்டிப் போவார்கள். தாண்டக்கூடாது. எந்தப் பாடங்கள் விண்ணப்பிக்கும் முன் கட்டாயம், எவை விரும்பத்தக்கவை என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். சுற்றுநிருபத்தில் அடிக்குறிப்பை வாசிக்காதவனுக்குச் சம்பள நிலுவை எப்படிப் போகும் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பிறகு டாக் என்ற ஒன்று. இதுவும் அசிஸ்ட்டுக்கு வெளியே, யூசியின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறது. டேவிஸ், ஏர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்ற ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களையும் குறித்த ஜிபிஏயையும் காட்டினால் இடம் தருவோம் என்று முன்கூட்டியே உத்தரவாதம் தருகின்றன. ஒரு பிள்ளை ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம், செப்டெம்பர் மாதத்துக்குள் போட வேண்டும், எல்லாத் துறைகளும் இதற்குள் வராது. யூசிஎல்ஏ, பேர்க்லி, சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. மருமகன் ஆறில் ஒன்றுக்கு டாக் போட்டு வைத்துவிட்டுத்தான் யூசிஎல்ஏக்கு விண்ணப்பித்தான். அக்காவுக்கு நித்திரை வந்ததே அந்த உத்தரவாதம் கிடைத்த பிறகுதான்.

விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அக்டோபரில் தொடங்கி நவம்பர் கடைசி வரை நேரம், ஒரே படிவம் எல்லா வளாகத்துக்கும். ஒவ்வொன்றும் 350 சொல்லுக்கு மேற்படாத நாலு சிறு விடை எழுத வேண்டும். ஏன் சிவில் என்ற இடத்தில் இவன் கல்லடிப் பாலத்தை எழுதியிருந்தான். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், ஒரு பக்கத்து வாகனம் வரும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். சின்ன வயதில் அத்தானின் மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருந்துகொண்டு, பாலம் அதிரும்போது தகடுகளின் ஆணிகளை எண்ணுவானாம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபோது, இரண்டுக்கும் நடுவே நின்று ஏன் இது ஆடுகிறது, அது ஆடவில்லை என்று கேட்டதாக எழுதியிருந்தான். கேட்டது என்னிடம்தான். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, நல்ல பதிலாக இருந்திருக்காது. பாடும் மீனைப் பற்றி ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மட்டக்களப்பான் எவன் வெளிநாடு போனாலும் முதலில் அதைத்தான் எடுத்துவிடுகிறான்.

ஜனவரி மாதம் இலையுதிர் காலப் புள்ளிகளைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும், அதை மறக்கக்கூடாது. ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. யூசிஎல்ஏ. 2024 செப்டெம்பரில் போய்ச் சேர்ந்தான். ப்ளூ அண்ட் கோல்ட் என்று வருமானம் குறைந்த மாநிலக் குடும்பங்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, கல்விக் கட்டணம் அதில் அடங்கிவிட்டது. அறை வாடகையும் சாப்பாடும் வேறு கணக்கு, அத்தான் இரண்டு ஷிஃப்ட் நிற்கிறார்.

அம்மா மாமாங்கம் கோயிலில் அர்ச்சனை செய்து, எருமைத் தயிர்ச் சட்டியோடு தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் சொல்லிவிட்டா. அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று என்று. கேட்கிற பெரும்பாலானவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், ஏ.எல். சரிவரவில்லை, இந்த வழியால் அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. அவர்களுக்கு முகத்துக்கு நேரே சொல்வது: கணக்கைப் பார்த்துவிட்டுக் கதைப்போம். 46 டாலர் அந்த மாநிலத்தில் வதிகிறவர்களுக்கு. மாணவர் விசாவில் போகிறவர்களுக்குப் பல கொலேஜ்களில் யூனிட்டுக்கு முந்நூறு டாலருக்கு மேல். செமஸ்டருக்கு ஆகக்குறைந்தது பன்னிரண்டு யூனிட் எடுத்தே ஆகவேண்டும். வாழ்க்கைச் செலவுக்கும் சேர்த்துப் பணம் இருக்கிறது என்று கொழும்பில் தூதரகத்துக்குக் காட்ட வேண்டும். யூசிக்கு மாறிய பிறகு வெளிநாட்டு மாணவர் கட்டணம் இன்னும் பல மடங்கு. வளவை ஈடு வைத்து அனுப்புகிற அளவுக்கு இது லாபமான வழியா என்றால், என் கருத்தில் இல்லை. அந்தக் காசில் இங்கே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டமும் முடித்து, மிச்சக் காசில் வீடும் கட்டலாம். ஏற்கனவே அங்கே குடும்பத்தோடு குடியேறி, பிள்ளை பள்ளிக்கூடத்தில் வழுக்கிவிட்டது என்று கவலைப்படுகிறவர்களுக்குத்தான் இந்த மதிப்புரை. அப்படிப்பட்ட குடும்பங்கள் நம்மூரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது என்பதால்தான் தமிழில் எழுதுகிறேன்.

நம்முடைய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இப்படி ஒரு தாள் போட்டால் என்ன என்று ஒருநாள் அலுவலகத்தில் கேட்டேன். ஹார்டியில் படித்த கணிதம் பேராதனையில் எதற்குச் சமம், தொழில்நுட்பக் கல்லூரியில் முடித்த பாடம் வந்தாறுமூலையில் எதற்குச் சமம் என்று. பக்கத்து மேசைக்காரர், "முதலில் போன வருடத்து இடமாற்றப் பட்டியலைப் போடட்டும்" என்றார்.

தளத்தைத் திறக்கிறவர்களுக்குச் சில வேலைக் குறிப்புகள். போனில் பார்க்க வேண்டாம், இரண்டு நிரலும் ஒரே பார்வையில் தெரிகிற பெரிய திரையில் பாருங்கள். பிள்ளை கொலேஜில் சேர்ந்த முதல் கிழமையிலேயே திறக்க வேண்டும். இரண்டாம் வருடம் திறந்தால் படித்து முடித்த தவறான பாடங்களின் பட்டியலாகத்தான் அது தெரியும். இரண்டு மூன்று வளாகங்களின் தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லோரும் கேட்கிற பாடங்களை முதலில் முடிக்கலாம், ஒரு வளாகம் மட்டும் கேட்பதைக் கடைசிக்கு விடலாம். கொலேஜுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இந்தப் பாட உடன்படிக்கைகள் கல்வியாண்டுக்குக் கல்வியாண்டு மாறும். அதனால் ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்துத் தாளைப் பிடிஎஃப் ஆக இறக்கி, பாடம் எடுத்த வருடத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அச்சடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள், போனில் காட்டினால் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து யாரும் குனிந்து வாசிக்க மாட்டார்கள்.